ஓஹாயோவில் ஒரு 'கிராமம்': யெல்லோ ஸ்பிரிங்ஸில் மகள் தங்கலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வாடகை அறை அமைந்திருப்பது 'வில்லேஜ் ஆஃப் யெல்லோ ஸ்பிரிங்ஸ்' என்ற ஊரில். "அவ்வளவு தூரம் போய்க் கிராமத்தில் இருக்க வேண்டுமா? அது எப்படிப்பட்ட ஊர், சுற்றிலும் என்ன இருக்கிறது?" என்பது அவர் கேள்வி. ஊரைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஆள் அரவம் இல்லாத இடத்தில் பெண் தனியாக மாட்டிக்கொள்வாளோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான். நீரின் தரத்தை அளப்பது என் தொழில். டேட்டன் நகரைச் சுற்றி ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கு மாதம் இரண்டு முறையாவது போய்விடுவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'கிராமம்' என்ற சொல். ஓஹாயோவில் இது வாழ்க்கை முறையைக் குறிக்கும் சொல் அல்ல, சட்டச் சொல். மக்கள்தொகை 5,000-க்குக் கீழே உள்ள உள்ளாட்சி 'வில்லேஜ்', அதைத் தாண்டினால் 'சிட்டி'. அவ்வளவுதான் வித்தியாசம். யெல்லோ ஸ்பிரிங்ஸில் 2020 கணக்கெடுப்பின்படி 3,697 பேர். இந்த ஊருக்குத் தனி மன்றம் இருக்கிறது, சம்பளத்துக்கு அமர்த்திய நிர்வாகி இருக்கிறார், சொந்தக் காவல்துறை இருக்கிறது. தண்ணீர் மட்டுமல்ல, மின்சாரத்தையும் உள்ளாட்சியே வழங்குகிறது. நூலகம், பள்ளிக்கூடம், சின்னத் திரையரங்கு, புத்தகக் கடை, மளிகைக் கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். நம் கணக்கில் சொன்னால், ஒரு சிறிய பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் ஒரு கல்லூரியும், கிழக்கு ஓரத்தில் ஓர் அடர்ந்த காடும் உள்ள பேரூராட்சி.

இடம் எங்கே என்றால், ஓஹாயோவின் தென்மேற்கில், கிரீன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது). டேட்டனுக்குக் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டு, தெற்கே கவுண்டித் தலைநகரான ஜீனியா, இரண்டும் காரில் கால் மணி நேரத்துக்குள். உங்கள் மகளின் பல்கலைக்கழகம் மேற்கே ஃபேர்போர்னை ஒட்டி இருக்கிறது, அதற்கு இருபது நிமிடம் போதும். ஊரைத் தாண்டினால் இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும்தான், கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி.

ஊரின் பெயரே ஒரு நீரூற்று. கல்லூரியிலிருந்து கிளென் ஹெலன் என்ற காட்டுக்குள் படிகளில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் அதைப் பார்க்கலாம். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வருகிறது. அது வழியும் இடமெல்லாம் காவிக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறம், கல்லின் மேல் தடவிய மஞ்சள் குழம்பு காய்ந்தது போல. காரணம் இரும்பு. நம் ஊரில் சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் அடியில் பழுப்பாகப் படிந்திருக்கும். அதே வேதியியல்தான் இங்கும். நிலத்துக்குள் காற்று படாமல் கரைந்திருக்கும் இரும்பு, வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிப் படிகிறது. மழைநீர் மேலே உள்ள டோலமைட் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாக இறங்குகிறது. அடியில் தண்ணீரை விடாத களிப்பாறை அடுக்கு வந்ததும், அதற்கு மேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஓடிச் சரிவில் வெளியே வருகிறது. அந்தப் பாறைகள் 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடலின் அடித்தரை. நான் முதல் தடவை போனபோது பழக்கதோஷத்தில் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தேன். பழைய இரும்புச் சாவியைக் கையில் வைத்திருந்தால் வருமே, அந்த வாசனை.

19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் வந்தார்கள், விடுதிகள் வந்தன. நோய் தீர்த்ததா என்றால், இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் பயன் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் அந்தக் கால விளம்பரம். அதற்கும் முன்னால், 1825-இல், இங்கே ஒரு சோதனை நடந்தது. பிரிட்டிஷ் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் கூட்டுவாழ்க்கைக் கொள்கையை ஏற்ற ஏறத்தாழ நூறு குடும்பங்கள், சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்வது என்று குடியேறின. சீக்கிரமே உள்ளுக்குள் பிணக்கு வந்து கலைந்தார்கள். இதுவரை உறுதி. அந்தக் குழுவை வில்லியம் மில்ஸ் தலைமை தாங்கி நடத்தினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், அதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஊரின் தந்தை என்று சொல்லப்படும் மில்ஸ் 1850-களில் தெருக்களை வகுத்து, ஊரை ஊராக்கியவர். 1825-இல் அவர் சிறுவன். இரண்டு கதைகளும் பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஊர் நிலைத்தது ரயிலாலும் கல்லூரியாலும். லிட்டில் மியாமி ரயில்பாதை 1846-இல் வந்தது. ஆன்டியாக் கல்லூரி 1853-இல் வகுப்பைத் தொடங்கியது. முதல் தலைவர் ஹொரேஸ் மான். அமெரிக்காவில் பொதுப்பள்ளி என்ற ஏற்பாட்டுக்கே வழி வகுத்தவர் என்று சொல்லலாம். இந்தக் கல்லூரியில் ஆணும் பெண்ணும் ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் படித்தார்கள், அன்று அது பெரிய விஷயம். அவர் 1859-இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு பட்டமளிப்பில் சொன்னது, மனிதகுலத்துக்காக ஒரு வெற்றியாவது ஈட்டாமல் சாக வெட்கப்படுங்கள் என்பது. மார்ட்டின் லூதர் கிங்கை மணந்த கொரெட்டா ஸ்காட், புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், 2007-இல் மருத்துவ நோபல் பெற்ற மாரியோ கபெக்கி எல்லாரும் இங்கே படித்தவர்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பணமில்லாமல் 2008-இல் கல்லூரியை மூடினார்கள். பழைய மாணவர்கள் திரண்டு அதை மீட்டார்கள், 2011-இல் மறுபடி திறந்தது. இன்று மாணவர்கள் மிகக் குறைவு. கல்லூரி ஊர் என்றதும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருப்பார்கள் என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டு போக வேண்டாம்.

இந்த ஊரை எனக்கு நெருக்கமாக்கியவர் ஆர்தர் மார்கன் என்ற நீர்ப் பொறியாளர். 1913 மார்ச்சில் டேட்டனில் பெருவெள்ளம் வந்து 360-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மார்கன் வடிவமைத்த ஐந்து அணைகள் 1922-க்குள் கட்டி முடிந்தன. அவை தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணைகள் அல்ல. அடியில் எப்போதும் திறந்த மதகு இருக்கும். சாதாரண நாளில் ஆறு பாட்டுக்கு ஓடும், வெள்ளம் வந்தால் மதகு விடக்கூடிய அளவுக்கு மேல் உள்ளது பின்னால் வயல்களில் தேங்கி மெதுவாக வடியும். ஆள் இயக்க வேண்டியதில்லை, கதவு இல்லை, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. நூறு ஆண்டுகளாக டேட்டன் அந்த மாதிரி மூழ்கவில்லை. அந்த அணைகளில் ஒன்றான ஹஃப்மன் அணைக்காக ஆஸ்பர்ன் என்ற ஊரையே பெயர்த்தார்கள். வீடுகளை உடைக்கவில்லை, அடித்தளத்திலிருந்து தூக்கி உருளைகளின் மேல் வைத்து, ஃபேர்ஃபீல்டு என்ற ஊரின் பக்கத்துக்கு இழுத்துப் போனார்கள். 1950-இல் இரண்டு ஊரும் சேர்ந்தபோது இரண்டு பெயரையும் சேர்த்து ஃபேர்போர்ன் ஆனது. உங்கள் மகள் தினமும் போகப்போகும் ஊர் அதுதான்.

மார்கன் 1920-இல் ஆன்டியாக் தலைவரானார். மாணவர் சில மாதம் படிப்பு, சில மாதம் வெளியில் சம்பள வேலை என்ற முறையைக் கொண்டுவந்தார். அப்புறம், அணைகளும் மின்சாரமும் கொண்டுவந்த அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். வயதான பிறகு அவருடைய அக்கறையெல்லாம் சின்ன ஊர்கள் எப்படி உயிரோடு இருக்கும் என்பதிலேயே இருந்தது. நம்மில் பலருக்குத் தெரியாத தொடர்பு ஒன்று இதில் உண்டு. 1948-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் மார்கன் ஓர் உறுப்பினர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதில் மார்கனின் கை பெரிது. 1956-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமிய நிறுவனம் உருவானது காந்தியக் கல்வி மரபிலிருந்து, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உழைத்த உழைப்பால். ஆனால் கிராமிய நிறுவனங்கள் என்ற அரசுத் திட்டத்துக்கு வழி அமைத்த யோசனைகளில் ஒன்று இந்தக் குழுவுடையது.

என் சொந்தத் தொடர்பு இன்னும் சாதாரணமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளில் விடியற்காலை நாலு மணிக்குக் குளத்து நீரில் ஆக்சிஜன் அளப்போம். அந்த நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகவும் தாழும், இறால் மேலே வந்து தவிக்கும். டார்ச் வெளிச்சத்தில் கையிலிருந்த மீட்டரைத் திருப்பினால் பின்பக்கம் 'யெல்லோ ஸ்பிரிங்ஸ், ஓஹாயோ' என்று அச்சிட்டிருக்கும். ஏதோ பெரிய தொழில் நகரம் என்று நினைத்துக்கொண்டேன். ஒய்எஸ்ஐ (யெல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட்) என்ற அந்தக் கம்பெனி 1948-இல் ஆன்டியாக் வட்டத்திலிருந்து முளைத்தது. லேலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர் 1950-களில் கண்டுபிடித்த ஆக்சிஜன் மின்முனைதான் அதன் கருவிகளுக்கு அடிப்படை. அதே வழியில்தான் 1975-இல் இரத்தச் சர்க்கரை அளக்கும் ஆய்வுக்கூடக் கருவியும் வந்தது. இன்று வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறோமே, அந்தக் கருவியின் வம்சாவளி இந்த ஊருக்குப் போகிறது. பெயரே ஓர் ஊற்றாக இருக்கும் ஊரிலிருந்து தண்ணீரை அளக்கும் கருவி உலகம் முழுக்கப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்.

இனி நிலம். இந்த ஊரைச் சுற்றிக் காடும் வயலும் இன்னும் மிஞ்சியிருப்பது தற்செயல் இல்லை, ஒவ்வொரு துண்டையும் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிளென் ஹெலன் காடு ஆயிரம் ஏக்கர். ஹியூ டெய்லர் பிர்ச் என்பவர் இறந்த மகள் ஹெலன் நினைவாக 1929-இல் கல்லூரிக்குக் கொடுத்தது, இப்போது ஒரு தனி சங்கத்திடம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஜான் பிரையன் மாநிலப் பூங்கா, அந்தப் பெயருள்ளவர் உயிலில் எழுதிவைத்த நிலம். 1999-இல் ஊரின் வடக்கே 940 ஏக்கர் பண்ணை ஒன்று ஏலத்துக்கு வந்தபோது, மனைகளாகிவிடக் கூடாது என்று ஊர்மக்களே பணம் திரட்டி, அது என்றும் விவசாய நிலமாகவே இருக்கும்படி உரிமை ஒப்பந்தம் வாங்கினார்கள்.

இதில் என்னை மிகவும் தொட்டது சின்னதான ஒரு கொடை. வீலிங் கான்ட் என்பவர் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கினார், மனைவியையும் மீட்டார். 1860-களில் இங்கே வந்து நிலம் வாங்கி வசதியானார். 1894-இல் 9 ஏக்கரை ஊருக்குக் கொடுத்தார், ஒரு கட்டளையோடு: அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஊரில் உள்ள ஏழை விதவைகளுக்கு மாவு வாங்கிக் கொடுக்க வேண்டும். நிலம் இன்று பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக இருக்கிறது. மாவு நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் ஊர்ப் பணியாளர்கள் விதவைகளின் வீட்டுக்கு மாவும், பின்னாளில் சேர்த்த சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எனக்குப் பழக்கமான ஒரு மூதாட்டி ஒரு டிசம்பரில் அந்தப் பையைச் சமையலறை மேசையில் வைத்துக் காட்டினார். அவர் ஏழை இல்லை. கடையில் அதைவிட நல்ல மாவு வாங்க முடியும். "இதில் ரொட்டி சுடுவேன், ஆனால் இரண்டு நாள் இப்படியே இருக்கட்டும்" என்று பையை ஒருமுறை தடவினார். கணவர் போய் அது முதல் குளிர்காலம்.

தோல் நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எந்தத் தாயும் நினைப்பாள். 1862-இல், உள்நாட்டுப் போர் நடுவில், மான்கியூர் கான்வே என்பவர் வர்ஜீனியாவில் தன் தந்தையிடம் அடிமைகளாக இருந்த குடும்பங்களை இங்கே கூட்டிவந்து குடியேற்றினார். தெற்கே சில கிலோமீட்டரில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம், 1856-இல் தொடங்கிய கறுப்பினத்தவர் கல்வி நிறுவனம். கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டுபோய்ஸ் அங்கே ஆசிரியராக இருந்தார். அதனால் இது தாராள மனம் கொண்ட ஊர் என்ற பெயர் பழையது, பெரும்பாலும் உண்மையும்கூட. முழு உண்மை இல்லை. 1960-களில் இங்கே ஒரு முடிதிருத்தகம் கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மறுத்தது. அதை எதிர்த்து 1964 மார்ச்சில் நடந்த போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இன்றைய சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. ஊர் பிரபலமாகி வீட்டு விலை ஏறியதால் பல தலைமுறைக் கறுப்பினக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஒன்பது ஆண்டில் எனக்கு அங்கே ஒரு கசப்பான அனுபவம்கூட இல்லை. ஆனால் அது ஒரு நடுத்தர வயது ஆணின் அனுபவம். உங்கள் மகள் அங்கே படிக்கும் பெண்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சுற்றுப்புறத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது கிளிஃப்டன் பள்ளத்தாக்கு. பனியுகம் முடியும்போது உருகிய வெள்ளம் அதே டோலமைட்டை அறுத்து உண்டாக்கியது. லிட்டில் மியாமி ஆறு அங்கே ஓரிடத்தில் 22 அடிக்குச் சுருங்கிவிடும். ஷானி பழங்குடியினரிடம் சிக்கிய கார்னீலியஸ் டார்னல் 1778-இல் அதைத் தாண்டிக் குதித்துத் தப்பினார் என்று பலகை சொல்லும். அவர் சிறைப்பட்டது வரலாறு, குதித்ததை ஊர்க்கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல ஷானி தலைவர் டிகும்சே பக்கத்து ஓல்டுடவுனில் பிறந்தார் என்பார்கள், வேறு இடங்களும் அதே உரிமை கோருகின்றன. அங்கே பெரிய ஷானி ஊர் ஒன்று இருந்தது மட்டும் சந்தேகமில்லாதது. 2024-இல் அவர்கள் வரலாற்றுக்காகவே ஒரு மாநிலப் பூங்கா திறந்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் மேல்முனையில் கிளிஃப்டன் என்ற குட்டி ஊரில், 1802-இல் தொடங்கிய நீராலை இன்றும் நிற்கிறது. ரைட் சகோதரர்கள் 1904-05-இல் பறந்து பழகிய ஹஃப்மன் புல்வெளியும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம்தான். பழைய ரயில்பாதை இப்போது சைக்கிள் பாதை. யெல்லோ ஸ்பிரிங்ஸ் நடுவே புகுந்து சின்சினாட்டிப் பக்கம் வரை போகிறது.

சரி, முடிவு. தனித்துப் போவாளா என்றால், ஊருக்குள் இல்லை. மாலை ஏழு மணிக்கு ஊரின் கடைத்தெருவான ஜீனியா அவென்யூவில் ஆள் நடமாட்டம் இருக்கும், ஜூனிலும் அக்டோபரிலும் தெருச் சந்தை நடக்கும்போது கூட்டத்தில் நடக்கவே முடியாது. ஆனால் கார் இல்லாவிட்டால் தனித்துத்தான் போவாள். பேருந்தை நம்பி வகுப்புக்குப் போக முடியாது. முதல் செமஸ்டர் காரும் உரிமமும் இல்லை என்றால், ஃபேர்போர்னில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்லுங்கள், வாடகையும் பொதுவாக அங்கே குறைவு. இந்திய மளிகையும் கோவிலும் பீவர்கிரீக், டேட்டன் பக்கம், அதற்கும் கார் வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது, சூடேற்றும் செலவு வாடகையில் அடக்கமா, வீட்டுக்கு நிலவறை (பேஸ்மென்ட்) உண்டா என்பது. 1974 ஏப்ரல் 3 அன்று ஜீனியாவைத் தரைமட்டமாக்கிய சுழல்காற்றில் (டொர்னாடோ) முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படி ஒன்று மிக அரிது, ஆனாலும் சைரன் ஒலித்தால் எங்கே இறங்குவது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கலாம். ஊருக்குள் ஒரு பழைய ஆலை வளாகத்தின் நிலத்தடி நீரில் கரைப்பான் என்ற ஆலை வேதிப்பொருள் கலந்து நீண்டகாலம் சுத்திகரிப்பு நடந்தது உண்மை, ஊரின் குடிநீர்க் கிணறுகள் வேறிடத்தில் இருக்கின்றன, புதிய சுத்திகரிப்பு நிலையமும் வந்துவிட்டது. மஞ்சள் ஊற்றைப் பார்க்கலாம், தொடலாம், குடிக்க வேண்டாம். குளிர்காலத்தில் அந்தப் படிகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும், பிடிப்புள்ள பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.